மூன்றடித் தூரம்

1

கல்லூரியின் விளையாட்டு அலுவலகத்திலிருந்து போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. கோல்ஃப் அணியின் பயிற்சியாளராக நான் சேர்ந்து பத்து வருடம் ஆகிறதாம். செய்திமடலில் என்னைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போடுகிறார்கள், இருநூறு சொற்களுக்குள் எழுதித் தரவேண்டும். கூடவே மூன்று கேள்விகள். எங்கே பிறந்தீர்கள், தொழில்முறை ஆட்டக்காரராக எதையெல்லாம் வென்றீர்கள், ஏன் ஆடுவதை நிறுத்தினீர்கள்.

முதல் இரண்டும் சுலபம். நீலகிரியில் பிறந்தேன். எதையும் வெல்லவில்லை, இரண்டு முறை இரண்டாவதாக வந்திருக்கிறேன். மூன்றாவது கேள்விக்கு இத்தனை வருடமாக ஒரே பதிலை வைத்திருந்தேன்: தோள்பட்டைக் காயம். அது பொய். போன வசந்த காலத்தில்தான் அந்தப் பொய்யைக் கைவிட்டேன். அந்தக் கதை இருநூறு சொற்களில் அடங்காது. ஆங்கிலத்தில் எனக்கு அது வரவும் வராது. ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டும் என்று தமிழில் எழுதுகிறேன்.

2

என் அப்பா முத்துசாமி நீலகிரியில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்வெட்டும் வண்டி ஓட்டினார். அவர் மட்டையைத் தொட்டதில்லை, அதில் ஆசையும் இல்லை. எனக்கு இருந்தது. ஆட வருகிறவர்களின் பைகளைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து ஆட்டத்தைக் கற்றேன். இருபத்திரண்டு வயதில் தொழில்முறை ஆட்டக்காரன் ஆனேன். சென்னை, பெங்களூரு, கொல்கத்தா, டெல்லி என்று எந்த ஊரில் போட்டி நடந்தாலும் ரயிலில் போவேன். மட்டைப் பையைக் கீழ்ப் படுக்கையில் கிடத்திவிட்டு அதை அணைத்தபடி தூங்குவேன். எட்டு வருடம் அப்படிப் போனது. நல்ல வருடங்கள்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பந்தை இருநூறு, இருநூற்றைம்பது கெஜம் பறக்கவிடுவதுதான் கஷ்டம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அதற்குத்தான் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கடைசியில் பந்து குழிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மூன்றடி இருக்கும். மெல்ல உருட்டி உள்ளே தள்ள வேண்டும். இதை ‘பட்’ என்பார்கள். ஒரு குழந்தைகூடச் செய்துவிடும்.

கொல்கத்தாவில் ஒரு போட்டியின் மூன்றாம் நாள், அப்படி ஒரு மூன்றடி பட்டுக்கு முன்னால் நின்றேன். மட்டை பந்தைத் தொடும் நேரத்தில் என் வலது கை துள்ளியது. நான் துள்ளவில்லை, கை துள்ளியது. தூக்கத்தில் கால் உதறுமே, அப்படி. பந்து குழியைத் தாண்டி ஆறடி போனது. திரும்ப அடித்தேன், மறுபடியும் துள்ளியது. அந்த ஒரு குழியில் மட்டும் நான்கு முறை பட் அடித்தேன். கூட ஆடியவர் என் முகத்தைப் பார்க்காமல் கொடிக் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு ‘யிப்ஸ்’ என்று ஒரு பெயர் இருப்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அது ஏன் வருகிறது என்று எனக்கு யாரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. மட்டையை மாற்றினேன், பிடியை மாற்றினேன், கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். கோயம்புத்தூரில் ஒரு நரம்பு மருத்துவரைப் பார்த்தேன். கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன், நடுக்கமே இல்லை. “உங்க கைக்கு ஒண்ணும் இல்லையே” என்றார். அடுத்த இரண்டு வருடத்தில் போட்டிகளில் ஆடும் தகுதியை இழந்தேன். நண்பர்கள் கேட்டபோது, தோள்பட்டை என்று சொன்னேன். தோள்பட்டை என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

3

என் மனைவி செல்வி செவிலியர். லண்டனில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தபோது, அவளைச் சார்ந்து வாழ்பவன் என்ற விசாவில் நான் வந்தேன். எங்கள் மகள் நிலாவுக்கு அப்போது நான்கு வயது. விசாவில் நிலாவுக்கும் எனக்கும் ஒரே சொல்தான் போட்டிருந்தது: சார்ந்திருப்பவர். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகளில் குடியேறினோம். செல்வி ஷிப்ட்டுக்குப் போவாள். நான் நிலாவைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அலமாரிகளை அடுக்குவேன்.

கீழ்க்கடை குகன் அண்ணையுடையது. யாழ்ப்பாணத்துக்காரர். ஒருநாள் முருங்கைக்காய் எடைபோட்டபடி கேட்டார்.

“தம்பி, ஊரில என்ன வேலை பார்த்தனீர்?”

“கோல்ஃப் ஆடினேன் அண்ணே.”

“அது விளையாட்டல்லோ. வேலையைக் கேட்டனான்.”

“அதுதாண்ணே வேலை.”

அவர் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப ஏன் நீர் அலுமாரி அடுக்கிக்கொண்டு நிக்கிறீர்? குரொய்டன் பக்கம் பந்தடிச்சுப் பழகிற இடம் ஒண்டு இருக்கு. ஞாயிறு வாரும், நான் கொண்டுபோய் விடுறன்.”

சொன்னபடி வேனில் கூட்டிப் போனார். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனேன். வரிசையாகத் தடுப்புகள் போட்டு, ஆட்கள் பந்தை வெட்டவெளியில் அடித்துப் பழகும் இடம் அது. இரவல் மட்டையால் பத்துப் பந்துகள் அடித்தேன். தூரத்து அடி எனக்கு ஒருநாளும் கெட்டதில்லை. ஏழாவது பந்துக்குப் பக்கத்துத் தடுப்புகளில் இருந்தவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். அன்று மாலையே அங்கே சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. குகன் அண்ணைக்கு இந்த ஆட்டம் இன்றுவரை புரியவில்லை. “வெள்ளைக்காரர் ஏன் பந்தைத் துலைச்சுப்போட்டுத் தேடுறாங்கள்?” என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் வேனை எடுத்திருக்காவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இரண்டு வருடம் கழித்துக் கல்லூரி வேலைக்கு விண்ணப்பித்தேன். மாணவர்களோடு பழகும் வேலை என்பதால் என் பின்னணியைச் சரிபார்த்தார்கள். ஐந்து வருட முகவரிகள் வேண்டும். ஊர் முகவரியில் ‘தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில்’ என்று இருந்தது. வீட்டு எண் எங்கே என்று கேட்டார்கள். தொட்டி ஒன்றுதான் சார் என்றேன். பிறகு குடும்பப் பெயர். என் பெயர் மு. சிவகுமார். அந்த ‘மு’வை விரித்து எழுதியதில் முத்துசாமி என் குடும்பப் பெயராகிவிட்டது. அன்றிலிருந்து எல்லாருக்கும் நான் கோச் முத்துசாமி. முதலில் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். புல்தரை நெடுக என் அப்பாவின் பெயரை யாரோ மரியாதையோடு கூப்பிடுவது காதுக்கு நன்றாகவே இருந்தது.

நேர்காணலில் ஏன் ஆடுவதை நிறுத்தினீர்கள் என்று கேட்டார்கள். தோள்பட்டை என்றேன். மேலே யாரும் கேட்கவில்லை.

4

முதல் வருடம் அணியில் ஆறு பேர். மற்ற கல்லூரிகளோடு ஆடிய எல்லாப் போட்டிகளிலும் தோற்றோம். என் ஆங்கிலமும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஊர் ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்கும்போது ‘டூ ஒன் திங்’, அதாவது ‘ஒன்று செய்’, என்போம் இல்லையா, அதைச் சொல்லிவிட்டு நான்கு காரியங்களைச் சொல்வேன். ஆலிவர் என்ற பையன் மிகப் பணிவாகக் கையைத் தூக்கி, “கோச், அந்த ஒன்று இதில் எது?” என்று கேட்டான். பதற்றத்தில் எனக்குத் தமிழ்தான் வரும். “பதறாத, பதறாத” என்று கத்துவேன். இரண்டாம் வருடம் அவர்களே ஒருவருக்கொருவர் ‘படராடா’ என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்கள். அது ஏதோ கோல்ஃப் நுணுக்கம் என்று எதிரணிக்காரர்கள் நினைத்தார்கள்.

மெல்ல மெல்ல அணி தேறியது. மூன்றாம் வருடம் முதல் வெற்றி. ஆறாம் வருடம் மேல் பிரிவுக்குப் போனோம். இதற்கிடையில் எதையும் மட்டையால் அடித்துக் காட்டுவேன், பட் ஒன்றைத் தவிர. பட் பயிற்சி என்றால் தரையில் கயிறு கட்டுவேன், சுண்ணக்கோடு போடுவேன், பக்கத்தில் நின்று பேசுவேன். “நான் அடித்துக் காட்டினால் நீங்கள் என்னைப் போலவே அடிப்பீர்கள், உங்களுக்கென்று ஒரு கை வராது” என்று சொல்லி வைத்திருந்தேன். பிள்ளைகள் அதைப் பெரிய தத்துவம் என்று நம்பினார்கள். ஒருத்தி தன் ஆய்வுக் கட்டுரையில்கூட எழுதினாள்.

வீட்டில் நிலா வேறு திசையில் வளர்ந்தாள். பத்து வயது வரை என்னோடு வருவாள். பிறகு நாடகக் குழு, தோழிகள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். பதினைந்து வயதில் ஒருநாள், “அப்பா, நீ அந்தப் பசங்களோட பேசுற அளவுக்கு என்னோட பேசறதில்ல” என்றாள். அது மட்டும் முழுத் தமிழில் வந்தது. அவள் சொன்னது உண்மைதான்.

5

தாரணி அணியின் தலைவி. கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸில் இருந்து வருகிறவள், பெற்றோர் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள். மற்றவர்கள் முன்னால் நான் கோச், தனியாக இருக்கும்போது அங்கிள். அமைதியான பெண். அடித்த பந்தைப் பற்றி ஒருநாளும் குறை சொல்ல மாட்டாள். போன பிப்ரவரியில் அவளுடைய ஆட்டத்தில் ஏதோ ஒன்று மாறியது. முதலில் ஐந்தடி பட்டுகள் தவறின. பிறகு மூன்றடி. ஒரு போட்டியில் எதிராளி வெகு நேரம் அவள் பக்கம் பார்க்காமல் இருந்ததைத் தூரத்தில் இருந்து கவனித்தேன். அவளுடைய வலது கையைப் பார்க்க நான் பக்கத்தில் போகவேண்டியதில்லை.

போகவும் இல்லை. இரண்டு வாரம் எனக்குத் தெரியாததுபோல இருந்தேன். அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

மார்ச்சில் ஒரு மாலை, பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகு வந்தாள்.

“அங்கிள், நான் டீமில இருந்து விலகப் போறன்.”

“ஏன்மா?”

“வலது தோள்மூட்டு நோகுது. ஏலாமல் இருக்கு.”

“டாக்டர்கிட்ட காட்டினியா?”

“ஓம். ரெஸ்ட் எடுக்கச் சொன்னவை. உங்களுக்குத் தெரியும்தானே அங்கிள், உங்களுக்கும் அதாலதானே எல்லாம் நிண்டது.”

சொல்லிவிட்டுத் தன் பையை எடுத்தாள். கனமான பை. அதை அதே வலது தோளால் தலைக்கு மேலே தூக்கி, மட்டை அறையின் உயரத் தட்டில் வைத்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அவள் குட்நைட் சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். அவளுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். மதிய ஷிப்ட் முடிந்து வந்து, வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அந்தப் பொண்ணு பொய் சொல்றா செல்வி.”

“தெரியுதுல்ல. யார்கிட்ட கத்துக்கிட்டா?”

நான் துண்டை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

“நான் உங்களை ஒரு நாளாவது இதைப் பத்திக் கேட்டிருக்கேனா?” என்றாள். “கேட்டதில்ல. அது உங்க விஷயம்னு விட்டேன். இப்ப அது அந்தப் பிள்ளையோட விஷயமும் ஆயிடுச்சு. அவ இருபது வயசுலயே மறைச்சு வாழப் பழகிக்குவா. உங்களுக்கு அது எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத்தான தெரியும்.”

கதவோரம் நிலா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. “என்னது அது?” என்றாள். அவளிடம் சொன்னேன், கொல்கத்தாவில் தொடங்கி முழுவதும். என் மகளோடு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலப் பேசியது பல வருடங்களுக்குப் பிறகு அன்றுதான்.

6

தாரணியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, விலகுவதென்றால் விலகு, வியாழக்கிழமைப் பயிற்சிக்கு மட்டும் ஒரு தடவை வா என்றேன். வந்தாள். அவளோடு சேர்த்து அணியின் எட்டுப் பேரையும் பயிற்சிப் புல்தரையில் நிற்கவைத்தேன். குழியிலிருந்து மூன்றடியில் பத்துப் பந்துகளை வைத்தேன். ஆலிவர் படிப்பை முடித்தபின் எனக்கு உதவிப் பயிற்சியாளனாக வந்துவிட்டான். அவனுடைய மட்டையை வாங்கிக்கொண்டேன்.

“இப்போது நான் அடிக்கப் போகிறேன்” என்றேன். எட்டு முகங்களிலும் ஆர்வம். பத்து வருடத் தத்துவம் உடையப் போகிறது அல்லவா.

முதல் பந்து. கை துள்ளியது. இரண்டடி விலகிப் போனது. ஒரு பையன் நான் வேடிக்கைக்குச் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். இரண்டாவது உள்ளே போனது. மூன்றாவதும் நான்காவதும் துள்ளின. ஐந்தாவதில் மட்டை தரையைக் கிளறியது. அதற்குள் சிரிப்பு நின்றிருந்தது. பத்தில் மூன்று உள்ளே போயின. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மார்ச் மாதக் குளிரில்.

“இதற்குப் பெயர் யிப்ஸ். இதனால்தான் நான் ஆடுவதை நிறுத்தினேன். என் தோள்பட்டை நன்றாகத்தான் இருக்கிறது. பத்து வருடமாக இந்த அணியிடம் பொய் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். ஆலிவர் போய்ச் சிதறிக் கிடந்த பந்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து பழைய இடத்தில் வரிசையாக வைத்தான். அவனுக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

தாரணிதான் முதலில் பேசினாள். எல்லார் முன்னாலும் தமிழில் பேசினாள்.

“நீங்கள் ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?”

“வெட்கமா இருந்துச்சும்மா.”

“இது சுகமாகுமோ?”

ஆகும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. “எனக்கு ஆகல. உனக்கு எப்படின்னு தெரியல. ஆனா நான் தனியா இருந்தேன். யார்கிட்டயும் சொல்லல.”

அவள் ஆலிவர் வைத்த வரிசைக்கு முன்னால் வந்து என் கையிலிருந்து மட்டையை வாங்கினாள். முதல் பந்திலேயே அவள் கை துள்ளியது. திரும்பி அணியைப் பார்த்து ஆங்கிலத்தில், “எனக்கும் அதுதான்” என்றாள். அவள் அழத் தொடங்கினாள், அழட்டும் என்று நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். மூன்று பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அதைச் செய்ய அவர்களுக்கு நான் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாள் காலை விளையாட்டுத் துறைத் தலைவியிடம் போனேன். நேர்காணலில் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன், ஆனால் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் கணினியில் என் கோப்பைத் திறந்து மேலும் கீழும் தேடினார். “இதைப் பதிவு செய்ய எங்களிடம் படிவம் எதுவும் இல்லையே, மிஸ்டர் முத்துசாமி” என்றார். பிறகு, “அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள்?” என்று கேட்டார். அவ்வளவுதான். இந்த நாட்டில் எத்தனையோ படிவங்களை நிரப்பியிருக்கிறேன். ஒரு படிவம் இல்லாததற்காக நன்றி சொன்னது அன்று ஒருமுறைதான்.

7

தாரணி விலகவில்லை. கைகளின் இடத்தை மாற்றிப் பிடித்தோம், பந்தைப் பார்க்காமல் குழியைப் பார்த்தபடி அடிக்கப் பழகினோம். சில நாட்கள் நன்றாக இருக்கும், சில நாட்கள் மோசம். மோசமான நாட்களில் அவள் உரக்கச் சொல்லிவிடுவாள், “இண்டைக்கு வந்திட்டுது” என்று, ஏதோ வேண்டாத விருந்தாளி வந்ததுபோல. சீசனின் கடைசிப் போட்டியில் தன் ஆட்டத்தில் தோற்றாள், ஆனால் பதினெட்டில் பதினேழு குழி வரை இழுத்துக்கொண்டு போனாள். மற்றவர்கள் வென்று அதை ஈடுகட்டியதில் அணி மேல் பிரிவிலேயே தங்கியது.

ஜூனில் அவள் படிப்பு முடிந்தது. போவதற்கு முன் ஒரு வேண்டுகோள் வைத்தாள். “அங்கிள், என்னோட ஒரு மேட்ச் ஆடோணும். பட் எல்லாம் நீங்களே அடிக்கோணும்.”

பதின்மூன்று வருடமாகப் பதினெட்டுக் குழி முழுவதும் நான் ஆடியதில்லை. மாட்டேன் என்று சொல்லப் பார்த்தேன். செல்விக்கு அன்று ஷிப்ட். நிலா, தானும் வருவதாகச் சொன்னாள். நாடக ஒத்திகைக்குப் போடும் மெல்லிய துணிச் செருப்போடு வந்து, முதல் குழியிலேயே ஈரப்புல்லில் நனைந்துபோனாள். திரும்பிப் போகச் சொன்னேன், கேட்கவில்லை. என்னோடு பேசிக்கொண்டே நடந்தாள். பள்ளியில் ஒரு நாடகத்தில் மேடையேறியதும் வசனம் மறந்துபோனதை, யாரிடமும் சொல்லாமல் இருந்ததை, பத்தாவது குழிக்கும் பதினொன்றாவதுக்கும் இடையில் சொன்னாள்.

தூரத்து அடிகளில் நான் தாரணியை வெகுதூரம் பின்னால் விட்டேன். புல்தரைக்கு வந்ததும் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன். கடைசிக் குழிக்கு வந்தபோது ஆட்டம் சமம். அவள் பந்தை உள்ளே போட்டு முடித்துவிட்டாள். எனக்கு மூன்றடிக்கும் குறைவாக இருந்தது. போட்டால் சமன். நட்புக்கு ஆடும்போது இவ்வளவு குட்டித் தூரத்தை எதிராளி, ‘போதும், எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுக்கொடுத்துவிடுவது வழக்கம். நான் அவளைப் பார்த்தேன். அவள் மட்டையில் சாய்ந்து நின்றாள்.

“போடுங்கோ அங்கிள்.”

விட்டுக்கொடுத்திருந்தால் எனக்குப் பிடித்திருக்காது என்பது அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. குனிந்தேன். கை துள்ளியது. பந்து குழியின் விளிம்பைச் சுற்றி வந்து வெளியே நின்றுகொண்டது. தாரணி ஜெயித்தாள். தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து கை கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளும் சிரித்தாள்.

பையை எடுக்கப் போனேன். அதற்குள் நிலா அதைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். கார் நிறுத்துமிடம் வரை முன்னால் நடந்தாள். செருப்பு ஒவ்வோர் அடிக்கும் சளக் சளக் என்றது. நடுவில் நின்று திரும்பினாள்.

“தோத்துட்டு இவ்ளோ சிரிக்கிற. அடுத்த ஞாயிறும் ஆடுவியாப்பா?”

“ஆடுவேன்.”

“அப்ப எனக்கு நல்ல ஷூ ஒண்ணு வேணும்.”